"ப்ரீஆம்ப் எரிஞ்சிருச்சு" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தேவாலயத்திலும் கல்யாண மண்டபத்திலும் எலெக்ட்ரோ அக்கூஸ்டிக் (நாம் செமி அக்கூஸ்டிக் என்று சொல்வது) கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள், ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை.

கிறிஸ்துமஸ் நெருக்கத்தில், ஆராதனைக்கு முன் சவுண்ட் பார்க்கும்போது என் கிட்டாரிலிருந்து சத்தமே வரவில்லை. கேபிளை மாற்றினோம், மிக்சரில் வேறு சேனலில் செருகினோம், புது 9 வோல்ட் பேட்டரி போட்டோம். ஒன்றுக்கும் அசையவில்லை. ஆனால் ப்ரீஆம்ப்பில் (கிட்டாருக்குள்ளேயே இருந்து சத்தத்தைப் பெருக்கும் சின்னப் பெட்டி) இருக்கிற ட்யூனர் மட்டும் விளக்கு எரிந்து சுருதியைச் சரியாகக் காட்டியது.

வழக்கமாக ரிப்பேர் பார்க்கிற ஈப்போ அங்கிள் அப்போது ஊரில் இல்லை. பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் கேபிளைச் செருகிப் பலகையை ரெண்டு தட்டு தட்டிவிட்டு, "ப்ரீஆம்ப் எரிஞ்சிருச்சு தம்பி, நம்ம ஊரு ஈரத்துக்கு இதெல்லாம் தாங்காது. புதுசு போட 350 வெள்ளி (ரிங்கிட்)" என்றார். "ட்யூனர் எரியுதே அண்ணே?" என்று கேட்டேன். "அது வேற போர்டு" என்று சொல்லிக் கிட்டாரை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வந்தபோது சத்தம் வந்தது. ரசீதில் "புதிய ப்ரீஆம்ப், சேடில் செட்டிங்" என்று எழுதியிருந்தது. சேடில் என்பது பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் மெல்லிய துண்டு. பழைய ப்ரீஆம்ப்பைக் கேட்டால் குப்பையில் போட்டாச்சாம். அடுத்த மாதமே ஒரு கல்யாணத்தில், பாட்டு நடுவே கரகரவென்று இழுத்து, அப்படியே அடங்கிவிட்டது. கீழே உள்ள ரெண்டு மெல்லிய கம்பிகள் கடையிலிருந்து வந்ததிலிருந்தே மங்கலாகத்தான் கேட்டன. மறுபடி கடைக்குப் போனால், "ஒங்க கேபிள்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு, பிக்கப்பையும் (சேடிலுக்குக் கீழே இருந்து கம்பியின் சத்தத்தைப் பிடிக்கும் பட்டை) மாற்ற இன்னும் 180 வெள்ளி கேட்டார்கள்.

ஈப்போ அங்கிள் என் கண் முன்னாலேயே பிரித்தார். கம்பிகளைத் தளர்த்தி, ஓட்டைக்குள் கைவிட்டு, அடிப்பக்க ஜாக்கை, அதாவது கேபிள் செருகும் துளையை, வெளியே இழுத்தார். மூன்று முனையுள்ள ஸ்டீரியோ ஜாக் அது. நடு முனையில் சோல்டர் பளபளப்பே இல்லாமல் சாம்பல் நிறத்தில் உருண்டு நின்றது. விரல் பட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது.

அந்த நடு முனை வழியாகத்தான் பேட்டரியின் நெகட்டிவ் போகிறது. மோனோ பிளக்கைச் செருகும்போது நடு முனையும் கிரவுண்டும் சேர்ந்து ப்ரீஆம்ப் உயிர் பெறும். கேபிளைச் செருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துபோவதும் இதனால்தான். ஜாக்கின் நட்டு தளர்ந்து, செருகும்போதெல்லாம் ஜாக் சுற்றிச் சுற்றி உள்ளே வயரை முறுக்கி அறுத்திருக்கிறது. பல ப்ரீஆம்ப்களில் ட்யூனர், ஜாக்கை நம்பாமல் பேட்டரியிலிருந்து நேராகவே கரண்ட் எடுக்கும். ட்யூனர் எரிந்து சத்தம் மட்டும் இல்லையென்றால் முதலில் பார்க்கவேண்டியது ஜாக்கைத்தான். இது தெரியாமலா ஒருவர் கிட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பார்?

அடுத்து ப்ரீஆம்ப்பைக் கழற்றினார். பின்பக்கத்தில், முன்பு சர்வீஸ் செய்தபோது அவரே தன் கையெழுத்தில் தேதி எழுதி ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. 350 வெள்ளிக்கு அவர்கள் செய்தது அந்த ஒரு சோல்டர், அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

என்னால் பொறுக்க முடியாதது சேடில் விஷயம். என் எலும்பு சேடிலை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் நிறுத்திப் பார்த்தோம், ஒரு பக்கம் அடியில் வெளிச்சம் தெரிகிறது. சேடிலுக்குக் கீழே இருக்கும் பியசோ பட்டை, கம்பியின் அழுத்தத்தைத்தான் சத்தமாக்குகிறது. அடிப்பக்கம் சமமாக உட்காராத இடத்தில் அழுத்தம் இல்லை, அந்த ரெண்டு கம்பிக்கும் சத்தம் இல்லை. பிக்கப்பில் ஒரு கோளாறும் கிடையாது. புது ஜாக்குக்கும் வேலைக்கும் அங்கிள் வாங்கியது 40 வெள்ளி, எலும்பு சேடிலுக்குத் தனியாக 35.

கொடுக்கும் முன் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். புது பேட்டரி மல்டிமீட்டரில் 9 வோல்ட்டுக்கு மேல் காட்டவேண்டும். 7க்குக் கீழே இறங்கினால் சத்தம் பிசிறடிக்கும். பேட்டரி கிளிப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள், நம் ஊர் ஈரத்தில் அது சகஜம். செருகிய பிளக்கை லேசாக ஆட்டும்போது சத்தம் வந்து வந்து போனால் ஜாக்தான். சத்தம் கொஞ்சமாவது வந்தால் சேடிலை விரலால் தட்டுங்கள், ஸ்பீக்கரில் டொக்கென்று கேட்டால் பியசோ உயிரோடு இருக்கிறது. ப்ரீஆம்ப்பையும் சேடிலையும் படம் எடுத்துக்கொண்டு, மாற்றும் பழைய சாமானைத் திருப்பித் தரவேண்டும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் கிட்டாரை வைக்காதீர்கள்.

நான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்குவது அது. கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வைக்க முடியாது, நாமேதான் பேசவேண்டும். நடந்து மூன்று வருடத்துக்குள் போடவேண்டும். ரசீது, ஸ்டிக்கரின் படம், அந்த பிளாஸ்டிக் சேடில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் வேறு யாரிடமாவது "புதிய ப்ரீஆம்ப்" என்று எழுதிக் காசு வாங்கியிருந்தால், ரசீதைத் தூக்கிப் போடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மனு எப்படி எழுதுவதென்று நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.