துளைத்தட்டா, நுண்துளைத் தட்டா?

குமிழி நிரல் என்பது திரவம் நிரப்பி, அடியிலிருந்து வாயுவைக் குமிழிகளாக விடும் நெட்டுக்குத்தான கலன். அதன் அடியில் வாயுவை எப்படி விடுகிறோம் என்பதே திரவம் எவ்வளவு கலக்கும் என்பதைப் பாதி தீர்மானித்துவிடும். 1 முதல் 5 மி.மீ. வரை ஓட்டைகள் போட்ட துளைத்தட்டில் பெரிய குமிழிகள் கிளம்பும். அவை நடுவே வேகமாக ஏற, சுவரோரமாகத் திரவம் இறங்கும். இந்தச் சுழற்சியில் மேலும் கீழும் நன்றாகக் கலந்துவிடும்.

நுண்துளைத் தட்டில் குமிழிகள் பொடிப்பொடியாக, சீராக ஏறும். தொடுபரப்பு அதிகம், ஆக்சிஜன் சுலபமாகக் கரையும். ஆனால் திரவம் அவ்வளவாகப் புரளாது. அழுத்த இழப்பும் கூடுதல். திடத்துகள் இருந்தால் அடைப்பு வேறு, அந்தத் தலைவலி தனி.

சரி, வாயு வேகத்தைக் கூட்டினால்? காற்று, தண்ணீர் விஷயத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 5 செ.மீ. தாண்டிப் போகப்போக நுண்குமிழிகளும் ஒன்றுசேர்ந்து பெரிதாகிவிடும். உயரமான நிரலில் அப்புறம் பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கே நான் துளைத்தட்டைத்தான் எடுப்பேன்.