ஃபைவ்-இன்-ஒன் ரிஃப்ளெக்டர்: எனக்கு அதில் கறுப்புதான் முக்கியம்

கேமரா இருக்கிறது, கூடவே ஒரு லென்ஸ் இருக்கிறது, அடுத்து என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: ஃபைவ்-இன்-ஒன் ரிஃப்ளெக்டர், அதாவது வெளிச்சத்தைத் திருப்பிவிடவும் மென்மையாக்கவும் குறைக்கவும் உதவுகிற மடக்கு வட்டத் துணி. இரண்டாவது லென்ஸ் காத்திருக்கட்டும், ஃப்ளாஷும் காத்திருக்கட்டும். என்னிடம் இருப்பது 110 சென்டிமீட்டர் விட்டமுள்ள சாதாரண வகை. உள்ளூர் ஆர்டர்களுக்கும், ஆர்டர் இல்லாத நாளில் நானாக எடுத்துப் பார்க்கிற படங்களுக்கும் இதுதான் துணை.

அமைப்பு தெரியாதவர்களுக்காக: ஸ்டீல் பட்டை வளையத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று உள்ளே இருக்கும். அதுதான் டிஃப்யூசர், தன் வழியே வரும் வெளிச்சத்தை மென்மையாக்குவது. அதன் மேல் ஜிப் வைத்த உறை. உறையைப் புரட்டிப் போட்டால் சில்வர், கோல்டு, வெள்ளை, கறுப்பு என்று நான்கு முகம் கிடைக்கும்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சில்வரின் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். வெயிலில் தூரத்திலிருந்து வெளிச்சத்தை அனுப்ப வேண்டுமானால் சில்வரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பக்கத்தில் கொண்டுவந்தால் மட்டும் நெற்றியும் மூக்கு நுனியும் மினுங்கும், நிற்பவருக்குக் கண் கூசும். நான் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஃப்ரேமையும் ஃபோகஸையும் சரிசெய்வேன். பிறகு "இப்போ திறங்க" என்று சொல்லி உடனே கிளிக் செய்துவிடுவேன். கோல்டை சாயங்கால வெயிலுக்கு மட்டும் எடுக்கிறேன். நிழலில் நிற்பவர் முகத்தில் ஏற்கெனவே வானத்தின் நீலம் விழுந்திருக்கும். அங்கே கோல்டை அடித்தால் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம் என்று ஆகிவிடும். ஒயிட் பேலன்ஸில், அதாவது கேமராவின் நிறச் சரிசெய்தலில், ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். வெள்ளை முகம் எப்போதும் கைகொடுக்கும், அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கறுப்புக்கு வருகிறேன். ஒரு சின்ன அலுவலகத்தில் ஊழியர்கள் எல்லோரையும் தனித்தனியாக எடுத்துத் தரும் ஆர்டர் வந்தது. வெள்ளைச் சுவர், வெள்ளை சீலிங், பக்கவாட்டில் பெரிய ஜன்னல். அப்படிப்பட்ட அறையில் ஜன்னல் வெளிச்சம் நாலா பக்கமும் மோதித் திரும்பி வந்து முகத்தின் நிழலையெல்லாம் நிரப்பிவிடும். தாடை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்றே படத்தில் தெரியாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், ஃப்ரேமுக்குச் சற்று வெளியே, கன்னத்தை ஒட்டினாற்போல் கறுப்பை நிறுத்தினேன். "தம்பி, எல்லாரும் லைட்டைக் கொண்டு வருவாங்க, நீங்க கறுப்புத் துணியைப் பிடிக்கிறீங்களே?" என்று மேலாளர் கேட்டார். கறுப்பு இல்லாமல் ஒன்று, கறுப்போடு ஒன்று என்று எடுத்து கேமரா ஸ்கிரீனில் காட்டினேன். இரண்டாவதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் இப்படியே எடுங்க சார்" என்றார். தம்பி சாராக மாறியது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

இதில் நடப்பது எளிமையான விஷயம். கறுப்பு எதையும் சேர்ப்பதில்லை, சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை விழுங்கிக்கொள்கிறது. தூரம்தான் இதில் எல்லாம். ஓரடி பின்னால் இழுத்தாலே நிழல் இளகிவிடும். இன்னும் தள்ளிக்கொண்டே போனால் கறுப்பு இருப்பதே படத்தில் தெரியாது. கன்னத்துக்கும் துணிக்கும் நடுவே உள்ள இடைவெளியை மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்தைப் பற்றி அந்த ஒரு மதிய வேளையில் தெரிந்துகொள்வதை எந்த வகுப்பிலும் அவ்வளவு சீக்கிரம் கற்க முடியாது.

டிஃப்யூசரில் நான் அதிகம் விளையாடியது கண்ணாடிப் பொருட்களோடு. ஜன்னலை மறைத்து டிஃப்யூசரை நிறுத்தி, அதற்கு முன்னால் ஒரு காலி சென்ட் பாட்டிலை வைத்தேன். பின்னணி முழுக்க வெள்ளை. ஆனால் பாட்டிலின் விளிம்பும் வெள்ளையில் கரைந்துபோனது. பாட்டிலின் இரண்டு பக்கமும், ஃப்ரேமுக்கு வெளியே, கறுப்பு சார்ட் துண்டுகளை நிறுத்தியதும் பேனாவால் வரைந்த மாதிரி விளிம்பில் கரும் கோடு விழுந்தது. அடுத்து தலைகீழாக ஒன்று செய்தேன். பக்கத்துச் சார்ட்களை எடுத்துவிட்டு, டிஃப்யூசரின் நடுவில், கேமராவுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும் கறுப்பு சார்ட்டை ஒட்டினேன். சார்ட்டைச் சுற்றி வருகிற வெளிச்சம் பாட்டிலின் விளிம்பைப் பிடித்தது. கறுப்புப் பின்னணி, ஒளிரும் கோடு, மூடியின் ஒவ்வொரு வரிப்பள்ளமும் தனித்தனியாக. இந்த இரண்டு படங்களையும் பார்த்துத்தான் ஒருவர் தன் கடைப் பொருட்களை எடுத்துத் தரச் சொன்னார்.

உச்சி வெயிலில் டிஃப்யூசரைத் தலைக்கு மேல் பிடித்தால் கண்ணுக்குக் கீழ் விழுகிற கருநிழல் போய்விடும். அதற்கு விலையாக ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) அதற்குச் சற்று மேலோ வெளிச்சம் குறையும். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பின்னால் வெயிலில் இருப்பதெல்லாம் வெளுத்துவிடும். அதனால் பின்னணி நிழலாக இருக்கிற இடமாகப் பார்த்து ஆளை நிறுத்துவது நல்லது. 110 சென்டிமீட்டர் மூடுவதும் தலையும் தோளும் அளவுக்குத்தான். முழு உருவத்துக்குப் போதாது.

குறைகள் உண்டு. காற்றடித்தால் பாய்மரம் மாதிரி ஆளையே இழுக்கும். ஸ்டாண்டில் மாட்டுவதானால் காலில் மணல் மூட்டை கட்டாயம். காற்று பலமாக இருந்தால் ஸ்டாண்டை நம்பாதீர்கள், பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மடிப்பு விழுகிற இடங்களில் சில்வர் பூச்சு நாளடைவில் உரியும். அதைவிட முதலில் தகராறு செய்வது ஜிப்.

மடக்குவது பலருக்கும் பெரிய மலைப்பு. இரண்டு ஓரத்தையும் எதிரெதிரே பிடியுங்கள், ஒரு உள்ளங்கை மேலே பார்க்க, இன்னொன்று கீழே பார்க்க. கைகளை எதிர்த்திசையில் முறுக்கினால் வளையம் எட்டு மாதிரி வளையும். அப்போது ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளினால் மூன்று சின்ன வட்டங்களாகத் தானே அடங்கிவிடும். பலம் தேவையில்லை. பிரிக்கும்போது மட்டும் படாரென்று விரியும், குழந்தைகள் முகத்துக்கு அருகில் பிரிக்கவே கூடாது.

ஒற்றைக் கையில் ரிஃப்ளெக்டர், மறு கையில் கேமரா என்று தனியாகச் சுற்றுகிறவர்களுக்கு 80 சென்டிமீட்டர் வசதி. மேஜை மேல் சின்னப் பொருட்கள் மட்டும் என்றால் 60 போதும். வாங்கும்போது ஜிப்பைச் சுற்று முழுக்க ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டிஃப்யூசர் துணி வழியாக வரும் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளையும், துணி இல்லாமல் அதே தாளையும், ஒயிட் பேலன்ஸை மாற்றாமல் எடுத்துப் பாருங்கள். பச்சையோ மஞ்சளோ ஏறியிருந்தால் வேறு ஒன்றைக் கேளுங்கள்.