பத்மினியைப் புரட்டிப் போட்ட ரொட்டிசரி: 14 மாத அனுபவம்

அப்பாவின் 1984 பிரீமியர் பத்மினி. வெளியே பார்த்தால் பெயின்ட் மங்கியது மட்டும்தான் தெரியும். கால்மிதியைத் தூக்கினால் டிரைவர் காலடியில் சிமென்ட் தரை தெரிந்தது. பத்மினிக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேஸி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி போல்ட்டைக் கழற்றி மேல்பாகத்தைத் தனியாக எடுத்து வைக்க முடியாது. அடிப்பக்கத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் முழு பாடியும் புரள வேண்டும்.

அதற்குத்தான் ரொட்டிசரி. முன்னால் ஒரு ஸ்டாண்ட், பின்னால் ஒரு ஸ்டாண்ட், நடுவில் கார். "என்னடா, கிரில் சிக்கன் மாதிரி மாட்டிட்டே" என்றார் அப்பா. வீட்டில் இன்றுவரை அதற்குப் பெயர் சிக்கன் ஸ்டாண்ட்.

சதுர பைப்பில் நாங்களே வெல்டிங் வைத்தோம், சுழலும் பாகத்தை மட்டும் லேத்தில் கொடுத்துக் கடைந்தோம். பம்பர் பிராக்கெட் மாட்டும் துளைகளில்தான் பிடிமானம். எஞ்சின், சஸ்பென்ஷன், கண்ணாடி எல்லாம் ஏற்கெனவே இறக்கியாச்சு. இரண்டு செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) போட்டு, முன்பக்கம் ஒரு சாண், பின்பக்கம் ஒரு சாண் என்று மாற்றி மாற்றி ஏற்றினோம். ஒவ்வொரு சாணுக்கும் அடியில் கட்டை. பயந்த அளவுக்கு அது சிரமமாக இல்லை.

சிரமம் புரட்டும்போதுதான். சுழலும் மையத்தை பம்பர் உயரத்திலேயே வைத்துவிட்டேன். கூரையும் தூண்களும் மேலே இருப்பதால் வெற்று பாடியின் எடை அதைவிட உயரத்தில் நிற்கிறது. கொஞ்சம் சாய்த்ததும் கைப்பிடி கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போனது. கூரை தலைகீழாகி, ஆடி நின்றது. நல்லவேளை, யாரும் கிட்டே இல்லை. பிறகு ஒரு நாள் முழுக்க மையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். விட்ட இடத்தில் பாடி அப்படியே நின்றால் மையம் சரி. தானாக நிமிர்ந்து வந்தால் ஏற்றினது அதிகம். அதன் பிறகு ஒரு கையால் திருப்பினேன். புதுத் தரைத் தகரம் ஏறியதும் எடை மாறியது, மறுபடியும் அதே வேலை.

"கதவு வாசல்ல குறுக்கே பைப் வைக்காம தரையை வெட்டாதீங்க தம்பி" என்று டிங்கர் முதலிலேயே சொன்னார். இடப்பக்கம் அவர் பேச்சைக் கேட்டேன். வலப்பக்கம் ஒரே பைப்போடு விட்டேன். கதவை மாட்டிப் பார்த்தபோது லாக் பக்கம் 4 மி.மீ. இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்ய மூன்று வாரம்.

லாபம் என்று கேட்டால் வெல்டிங்தான். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு முகத்தில் தீப்பொறி வாங்க வேண்டாம். இணைப்பை மேல்பக்கம் திருப்பிவிட்டு நின்றபடியே பற்ற வைக்கலாம். சீலரும் அடிப்பெயின்டும் வழியாமல் உட்கார்ந்தன. ஒரே தொல்லை, மணல் அடித்துத் துரு எடுத்த பிறகு ஒவ்வொரு முறை புரட்டும்போதும் எங்கிருந்தோ மணல் கொட்டும். ஆறு மாதம் கொட்டியது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்காதீர்கள்.

இரண்டு குறை உண்டு. சின்ன சக்கரம் போட்டது தப்பு, முற்றத்துச் சிமென்ட் விரிசலில் சிக்கிக்கொள்ளும். திருப்பிய கோணத்தில் பாடியை நிறுத்திவைக்கும் லாக் துளைகளை 45 டிகிரிக்கு ஒன்று போட்டேன். பாதி வேலைக்கு அந்தக் கோணம் ஒத்துவரவில்லை. 15 டிகிரிக்கு ஒன்று போட்டிருக்க வேண்டும்.

தரையில் நாலு இடத்தில் ஒட்டுப் போடும் வேலைதான் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம், ஜாக்கி ஸ்டாண்டே போதும். போன மாதம் பத்மினி இறங்கிவிட்டது. அம்பாசடர் வைத்திருக்கும் நண்பர் ஸ்டாண்டைக் கேட்கிறார். பிராக்கெட்டை அவர் காருக்குத் தகுந்த மாதிரி மாற்றி, துளைகளையும் புதிதாகப் போட்ட பிறகுதான் கொடுப்பேன்.