வளர்ப்பாளரிடம் வாங்கும் நாய்க்குட்டியா, காப்பகக் குட்டியா?

எங்கே எடுத்தாலும் குட்டியின் முகத்தில் மயங்குவதற்கு முன் காகிதங்களைப் பாருங்கள்.

வளர்ப்பாளரிடம் தாய் நாயை நேரில் பார்க்கலாம். அதுதான் பெரிய வசதி. ஆள் அருகில் போனதும் அது வாலாட்டி வருகிறதா, மூலையில் பதுங்குகிறதா என்று கவனியுங்கள். தாயைக் காட்ட மறுத்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள். 8 வாரம் முடியாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. பல நாடுகளில் அது சட்டமும்கூட. ரசீது, தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) எண் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான சிப்களில் 15 இலக்க எண் இருக்கும். அதன் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால், குட்டி தொலைந்து கிடைக்கும்போது தகவல் வேறு யாருக்கோ போகும்.

காப்பகத்தில் முதல் ஊசியும் குடற்புழு மருந்தும் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். தத்து ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படியுங்கள். கருத்தடை செய்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கலாம். பிறந்த தேதி பல நேரம் தெரியாது. மருத்துவர் உதட்டை விலக்கி, ஊசி போன்ற பால்பற்களைப் பார்த்து வயதைக் கணிப்பார்.

அப்புறம் வீட்டு வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். தரையில் கிடக்கும் வயர்களைத் தூக்கிக் கட்டுங்கள். சுமார் 16 வாரம் வரை தடுப்பூசித் தொடர் போகும். அதுவரை பொது இடத்தில் தரையில் விட வேண்டாம், குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். உள்ளூர் உரிமம், வெறிநாய்க்கடி ஊசி, வாடகை வீடென்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் ஆகியவற்றை முன்பே விசாரித்துவிடுங்கள்.

குறிப்பிட்ட இனம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், நான் காப்பகத்துக்கே முதலில் போகச் சொல்வேன்.