அதிகம் ஓடிய மியாட்டாவா, பாக்ஸ்டரா?

இரண்டும் இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்கள்; பழையதாக வாங்கப் போகிறவருக்கு இது. 1,50,000 கிலோமீட்டர் தாண்டிய மாஸ்டா மியாட்டாவில், முதல் இரண்டு தலைமுறை என்றால், எஞ்சின் பெரிய கவலை இல்லை. எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். துருதான் எதிரி. கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் அழுத்திப் பாருங்கள். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

போர்ஷே பாக்ஸ்டரில், அதாவது 2004 வரை வந்த முதல் தலைமுறையில், ஆபத்து உள்ளே இருக்கிறது. எஞ்சினுக்குள் சுழலும் ஒரு தண்டைத் தாங்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும். அதை மாற்றிய பில் இருக்கிறதா? இல்லையென்றால் ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து உலோகத் துகள் இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால், சரி, கிளம்பிவிடலாம்.

ஓட்ட எனக்குப் பாக்ஸ்டர்தான் பிடிக்கும். ஆனால் ரிப்பேருக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க முடியாதவருக்கு மியாட்டாதான்.