வாட்ச் செயின் மாத்துற டூல் செட் ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா? 3,450 ரூபா நாமம் போட்டாங்க எனக்கு, படிச்சிட்டு வாங்குங்க

3,450 ரூபாங்க. செயின் கழட்டி மாட்டுற டூலுக்கு. அந்தக் காசுக்கு நல்ல லெதர் ஸ்ட்ராப்பே ரெண்டு மூணு வாங்கிருக்கலாம். இப்ப என் கையில இருக்கறது வளைஞ்ச ஃபோர்க் (செயின நெம்பிக் கழட்டுற, ரெண்டு பல்லு இருக்கற டூல் முனை) ஒண்ணு, ஒடிஞ்ச பின்னு ஒண்ணு, வாட்ச்ல கீறல் ஒண்ணு.

வாட்ச் சாமான் மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. பேர் சொல்லல, கம்ப்ளெயின்ட் ஓடிட்டு இருக்கு. என் சீக்கோ வாட்ச்ல லக் (செயின் மாட்டுற கொம்பு) இடைவெளி 22 எம்.எம்., செயின கழட்டிட்டு நேட்டோ ஸ்ட்ராப் (நைலான் துணிப் பட்டை) போடணும், அவ்ளோதான் மேட்டர். வாட்ஸ்அப்ல கேட்டேன். அந்த ஆள் பேசுன விதம் இருக்கே, அத நெனச்சாதான் வயித்தெரிச்சல். எடுத்தவுடனே விலை சொல்லல. "எண்ட் லிங்க் சாலிடா, மடிச்ச தகடா ப்ரோ"ன்னு கேட்டான் (எண்ட் லிங்க்னா லக்க ஒட்டி வர்ற செயினோட கடைசித் துண்டு). லக் பின்பக்கம் ஃபோட்டோ அனுப்பச் சொன்னான். "சாலிட்னா இடுக்கு கம்மியா இருக்கும், தடி ஃபோர்க் உள்ளயே போகாது, உங்களுக்கு ஃபைன் ஃபோர்க்தான் வேணும்"னான். சொன்னது எல்லாமே கரெக்ட்! தொழில் தெரிஞ்சவன் மாதிரி பேசுறானேன்னு யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க. அப்புறம் பெர்ஜியான்ங்கற சுவிஸ் கம்பெனியோட 6767 ஸ்ப்ரிங் பார் டூல் ஃபோட்டோ அனுப்பினான் (ஸ்ப்ரிங் பார்னா செயின லக்ல பிடிச்சு வைக்கிற ஸ்ப்ரிங் கம்பி), கூடவே லிங்க் (செயின் கண்ணி) பின்னு தள்ளுற டூல், சுத்தியல், ஸ்பேர் ஸ்ப்ரிங் பார் எல்லாம் சேத்து 3,450, ஒரிஜினல்னு கேரன்டி சொன்னான். ஜிபேல போட்டுட்டேன்.

வந்தது என்னன்னா ஒரு ஜிப் பவுச்ல நாலஞ்சு சாமான். லக்குக்கும் எண்ட் லிங்க்குக்கும் நடுவுல ஃபோர்க்க விட்டேன், ஸ்ப்ரிங் பார் கழுத்துல மாட்டுச்சு, லேசா உள்பக்கம் தள்ளினதுதான், ஃபோர்க்கோட ஒரு பல்லு அப்டியே மடங்கி சர்ருன்னு வழுக்கி லக் ஓரம் வரைக்கும் கீறிருச்சு. சரி லிங்க்காவது குறைப்போம்னு செயின் உள்பக்கம் அம்புக்குறி போட்ட திசையில நேரா வெச்சுத்தான் தள்ளினேன், டூலோட ஊசி முறிஞ்சு பாதி ஓட்டைக்குள்ளயே நின்னுருச்சு. ஒரே சாயங்காலத்துல ரெண்டும் காலி.

ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். மொதல்ல "பிரஷர் ஜாஸ்தி குடுத்துட்டீங்க ப்ரோ". அடுத்து "யூஸ் பண்ண டூலுக்கு ரிட்டர்ன் கெடையாது". ஏண்டா, யூஸ் பண்ணாம வளையுமா வளையாதான்னு எப்டி தெரியும், ஜாதகம் பாக்கணுமா? அப்புறம் "டீம்கிட்ட சொல்லிருக்கேன்". டீமாம். மறுபடி கேட்டா ப்ளூ டிக் மட்டும் விழுது. கடைசியில டிபி காணோம், ப்ளாக். கடையோட மெயிலுக்குப் போட்டா "உங்கள் அனுபவத்திற்கு வருந்துகிறோம்"னு மெஷின் பதில். வருந்தறத நான் பாத்துக்கறேன், 3,450 ரூபாய எவன் குடுப்பான்?

ஓட்டைக்குள்ள நின்ன ஊசிய எடுக்க பாரிமுனை பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர்கிட்ட போனேன். டூல வாங்கி கண்ணுல லென்ஸ் மாட்டிப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, சின்ன அரம் எடுத்து ஃபோர்க் மேல ஒரு இழு. பளபளன்னு பொடி கொட்டுச்சு. தன்னோட பழைய டூல்லயும் அதே மாதிரி இழுத்தாரு, அரம் கண்ணாடில ஓடுற மாதிரி வழுக்கிட்டுப் போச்சு. "இது பதம் வெச்ச ஸ்டீலே இல்ல தம்பி, மேல எழுத்து மட்டும் அடிச்சிருக்கான்"னாரு. அம்பது ரூபாதான் வாங்கினாரு. கீறலுக்கு ஒண்ணும் பண்ண முடியாதாம், பாலிஷ் போட்டா லக் ஷேப் போயிடும்னாரு.

டூல் எப்டி செலக்ட் பண்றதுன்னு விளக்கமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப மூடு இல்ல. டக்குனு சொல்றேன்: ஃபோர்க் முனைய தனியா மாத்துற மாதிரி டூல் வாங்குங்க, வளைஞ்சா அத மட்டும் மாத்திக்கலாம். லக் மேல மாஸ்கிங் டேப் ஒட்டாம கை வைக்காதீங்க. லிங்க்ல இருக்கறது பின்னா ஸ்க்ரூவான்னு மொதல்ல பாருங்க, ஸ்க்ரூவ போய் சுத்தியலால தட்டிடாதீங்க. சீக்கோ, சிட்டிசன்ல சில மாடல்ல பின்னோட குட்டியூண்டு காலர் (பின்ன இறுக்கிப் பிடிக்கற குழாய்) ஒண்ணு வரும், கீழ விழுந்தா கெடைக்காது, வெள்ளைத் துணி விரிச்சு அது மேல வேலை பாருங்க. பார்சல் பிரிக்கறத வீடியோ எடுங்க. முழுக் காசையும் முன்னாடியே போட்டுடாதீங்க.

அப்புறம் "ரிட்டர்ன் கெடையாது"ன்னு சொன்னா அதோட விட்டுட்டு வந்துடாதீங்க. 2020 ஈ-காமர்ஸ் ரூல்ஸ் படி பொருள்ல குறை இருந்தாலோ விளம்பரத்துல காட்டினது மாதிரி இல்லன்னாலோ திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. கடைக்குப் புகார் போட்டா அவங்க 48 மணி நேரத்துல கெடைச்சுதுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கணும். நான் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல கூப்பிட்டு பதிவு பண்ணிட்டேன், சாட் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் ஏத்தியாச்சு. அந்த ஆள் இன்னிக்கும் அதே ஃபோட்டோவ போட்டு "ஸ்டாக் லிமிடெட்"னு ஸ்டேட்டஸ் வெச்சிருக்கான்னு ஃப்ரெண்டு ஒருத்தன் இப்பதான் அனுப்பினான். எண்ட் லிங்க் சாலிடான்னு எவனாவது உங்கள அக்கறையா கேட்டா ஜாக்கிரதை.