திருவாசகமா, திருவாய்மொழியா, தாயுமானவரா? தினமும் வாசிக்க எதை எடுப்பது

கடவுளோடு இன்னும் நெருக்கம் வேண்டும், என்ன படிக்கலாம் என்று யாராவது கேட்டால் உடனே பத்துப் பெயர்கள் வந்து விழும். பகவத் கீதை, ஏதாவது ஒரு மகானின் வரலாறு, தியானம் பற்றி ஒரு புத்தகம் என்று பட்டியல் நீளும். எல்லாம் நல்லவைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இறைவனைப் பற்றி நமக்குச் சொல்பவை. கீதையிலும் அதிகம் பேசுகிறவன் கண்ணன், அர்ச்சுனன் கேட்டுக்கொள்கிறான். நாம் வாய் திறந்து அவனிடம் பேச வேண்டும் என்றால் அதற்கு வேறு வகை நூல் தேவை. தமிழில் அந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. பக்தர் ஒருவர் "நான்" என்று தொடங்கி "நீ" என்று அழைக்கிற பாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் மூன்றை மட்டும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: மாணிக்கவாசகரின் திருவாசகம், நம்மாழ்வாரின் திருவாய்மொழி, தாயுமானவர் பாடல்கள்.

முதலில் அளவு. திருவாசகம் 51 பகுதிகள், 658 பாடல்கள். திருவாய்மொழி 1102 பாசுரங்கள். ஒரு பாசுரத்தின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக வரும் அந்தாதி. கடைசிப் பாசுரம் "உயர்ந்தே" என்று முடிய, முதல் பாசுரம் "உயர்வற" என்று தொடங்குகிறது. ஆயிரமும் ஒரே வளையம். தாயுமானவர் பாடியவை 1452. மூன்று பேரும் வெவ்வேறு காலத்தவர்கள். முதல் இருவரும் பாண்டிய நாட்டில், பக்தி இயக்கம் பொங்கிய காலத்தில் வாழ்ந்தவர்கள். தாயுமானவர் 18ஆம் நூற்றாண்டுக்காரர். திருச்சி நாயக்கர் அரசில் பொறுப்பான வேலையில் இருந்து, அதை விட்டு வெளியேறியவர்.

ஒரு பக்தி நூலை எடை போட நான் முதலில் பார்ப்பது, அது இறைவனிடம் எதைக் கேட்கச் சொல்லித் தருகிறது என்பதைத்தான். நாமாக வேண்டினால் நம் வேண்டுதல் பெரும்பாலும் வேலை, உடம்பு, பிள்ளைகள், கடன் என்ற நான்கைந்துக்குள் முடிந்துவிடும். அதில் தப்பில்லை. ஆனால் வருடக்கணக்காக அதையே கேட்டுக்கொண்டிருந்தால் உறவு வளராது. இந்த மூவரும் கேட்பதைப் பாருங்கள்.

மாணிக்கவாசகர் குழைத்த பத்து என்ற பதிகத்தில் (பதிகம் என்றால் பத்துப் பாட்டளவிலான ஒரு தொகுப்பு) "வேண்டத் தக்கது அறிவோய் நீ, வேண்ட முழுதும் தருவோய் நீ" என்கிறார். எனக்கு எது வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும் என்று பொறுப்பை அவன் பக்கம் தள்ளிவிடுகிறார். அதே பதிகத்தில் இன்னொரு இடத்தில், என் உயிரையும் உடலையும் உடைமையையும் என்னை ஆட்கொண்ட அன்றைக்கே எடுத்துக்கொள்ளவில்லையா, இன்றைக்கு எனக்கு ஓர் இடையூறு என்றால் அது யாருடைய பாடு என்று உரிமையோடு மடக்குகிறார். பயந்து பயந்து வேண்டிப் பழகியவர்களுக்கு இந்த உரிமை ஒரு பெரிய விடுதலை.

நம்மாழ்வார் இதைவிட ஒரு படி மேலே போகிறார். பத்துப் பெரும் பிரிவுகள் கொண்ட திருவாய்மொழியின் இரண்டாம் பத்தில் "எம்மா வீட்டுத் திறமும் செப்பம்" என்று தொடங்கும் பதிகம் முழுக்கவே வேண்டுதல்தான். எவ்வளவு பெரிய வீடுபேறானாலும் அதைப் பற்றி நான் பேசவே இல்லை, உன் பாதத்தை என் தலையில் வை, சீக்கிரம் வை என்கிறார். நாலாவது பாசுரத்தில் "தனக்கே ஆக எனைக்கொள்ளும் ஈதே" என்று சொல்லும்போது, எனக்காக என்கிற பேச்சே காணாமல் போய்விடுகிறது. நீ என்னை உனக்காக வைத்துக்கொள், நான் கேட்பது இது ஒன்றுதான். மோட்சத்தையும் ஓரமாக வைத்துவிட்ட இந்த வேண்டுதலைப் போல ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதை மனதார ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எவ்வளவு கடினம் என்று தெரியும். வாய் சொல்லும், நெஞ்சு பின்வாங்கும்.

தாயுமானவரிடம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கண்ணி, அதாவது இரண்டடிப் பாட்டு, இருக்கிறது: "எல்லோரும் இன்புற்று இருக்க நினைப்பதுவே அல்லாமல் வேறொன்று அறியேன் பராபரமே." பள்ளிப் பாடத்திலும் சுவர் வாசகத்திலும் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிப்போன வரி. அதைத் தனியாக உட்கார்ந்து பிரார்த்தனையாகச் சொல்லும்போது, எல்லோரும் என்பதற்குள் நமக்குப் பிடிக்காத இரண்டு மூன்று முகங்களும் வந்து நிற்கும். அங்கேதான் அந்த வரி வேலை செய்யத் தொடங்குகிறது.

இந்த அளவுகோலில் எனக்கு முதலிடம் திருவாய்மொழிக்கு. சந்தேகமே இல்லை.

அடுத்தது வறண்ட நாட்கள். பக்தியில் எல்லோருக்கும் வரும். சாமி அறையில் நின்றால் எதுவுமே தோன்றாது. அந்த நாளில் கை எந்தப் புத்தகத்துக்குப் போகிறது என்பது முக்கியம்.

திருவாசகத்தில் நீத்தல் விண்ணப்பம் என்று ஒரு பகுதி, 50 பாட்டு, உத்தரகோசமங்கை அரசே என்று அழைத்துப் பாடியது. ஒவ்வொரு பாட்டிலும் "விடுதி கண்டாய்" என்று வரும். என்னை விட்டுவிடுவாயோ, விட்டுவிடாதே என்ற ஒரே பதைபதைப்பு, ஐம்பது தடவை. திருப்பெருந்துறையில் குருவாக வந்து ஆட்கொண்டவன், கூட இருந்த அடியார்களை அழைத்துக்கொண்டு இவரை மட்டும் பின்னால் விட்டுப்போனான் என்பது மாணிக்கவாசகர் வரலாறு. அந்த வலி தெரிந்தவர் எழுதியது இது. என் பக்தியே பொய்யோ என்று குற்ற உணர்வில் கிடப்பவர்களுக்கு இதைவிடத் துணையான பக்கங்கள் இல்லை. அவரே தன்னைப் பொய்யன் என்று எத்தனையோ இடத்தில் சொல்லிக்கொள்கிறார். அவரே அப்படி அழுதிருக்கும்போது நாம் அழ வெட்கப்பட வேண்டியதில்லை.

நம்மாழ்வார் அழும் விதம் வேறு. இரண்டாம் பத்தின் முதல் பதிகத்தில், இரவில் தூக்கம் வராத ஒரு பெண்ணாக அவர் பேசுகிறார். கடற்கரையில் ஒரு நாரை விழித்திருக்கிறது. வானுலகமே தூங்கினாலும் நீ தூங்கவில்லையே, உன் நெஞ்சையும் திருமால் எடுத்துக்கொண்டானா என்று அதைக் கேட்கிறாள். அப்புறம் அன்றில், கடல், காற்று, மேகம், தேய்கிற நிலா, இருட்டு, உப்பங்கழி என்று ஒவ்வொன்றையும் விசாரிக்கிறாள். ஒன்பதாவதாக, எரிகிற விளக்கைப் பார்த்து "நீயும் அளியத்தாய்" என்கிறாள்: பாவம், உனக்கும் என் கதிதானா. தன் துயரம் பெருகப் பெருக அவளுக்கு மற்ற உயிர்கள்மேலும் பொருள்கள்மேலும் இரக்கம் கூடிக்கொண்டே போகிறது. தனிமையில் தவிப்பவர் இதைப் படித்தால் அழுகை நிற்காமல் போகலாம், ஆனால் தன்னைச் சுற்றியே உழல்வது நிற்கும்.

தாயுமானவர் அழுகைக்கு ஏற்றவர் அல்லர் என்பது என் கருத்து. அவர் அலைபாயும் மனதுக்கானவர். மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலி வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், பாம்பை எடுத்து ஆட்டலாம், தண்ணீர்மேல் நடக்கலாம், நெருப்பின்மேல் உட்காரலாம் என்று நீளமாக அடுக்கிக்கொண்டே போய், "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது" என்று சட்டென்று நிறுத்துவார். காலையில் கண் விழித்ததும் கைபேசியைத் தேடுகிற நமக்குச் சொன்ன மாதிரியே இருக்கும்.

பெண்கள் இந்த நூல்களை எடுக்கும்போது ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திருவாசகத்திலும் தாயுமானவர் பாடல்களிலும் பெண்ணின் அழகை வலையாக, கண்ணியாகப் பழிக்கிற வரிகள் கணிசமாக வருகின்றன. துறவின் மொழி அது, ஆண் தன் ஆசையோடு போராடுவது என்று விளக்கம் சொல்லலாம். ஆனால் பிரார்த்தனையாக வாசிக்கிற ஒரு பெண்ணுக்கு அது இடறத்தான் செய்யும். அந்தப் பாடல்களைத் தாண்டிப் போவதில் ஒரு குறைவும் இல்லை. திருவாசகத்திலேயே பெண்கள் கூடிப் பாடுகிற திருவெம்பாவை, திருவம்மானை, திருச்சாழல், திருப்பொன்னூசல் எல்லாம் இருக்கின்றன. அங்கே தாராளமாகத் தங்கலாம். திருவாய்மொழியில் ஆழ்வாரே மகளாகவும் தாயாகவும் தோழியாகவும் மாறிப் பேசுகிறார். "உண்ணும் சோறு பருகுநீர் தின்னும் வெற்றிலையும் எல்லாம் கண்ணன்" என்று ஒரு தாய், திருக்கோளூருக்குப் புறப்பட்டுப் போய்விட்ட தன் மகளைப் பற்றிச் சொல்கிறாள். மகளின் பக்தியை நினைத்துப் பெருமையும், வீடு வெறிச்சென்று ஆன துக்கமும் ஒரே மூச்சில் வருகின்றன. பெண் குழந்தை வைத்திருக்கிற யாரும் அந்தப் பதிகத்தை எளிதில் கடந்துவிட முடியாது.

சரி, வாசிப்பது எவ்வளவு சிரமம்? இங்கே வரிசை தலைகீழாகிறது.

திருவாய்மொழி தனியாக வாசிக்கக் கடினம். சொற்கள் எளிமை போலத் தெரியும், ஆனால் ஒரு பதிகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மனநிலை ஏன் மாறுகிறது என்பது உரை இல்லாமல் பிடிபடாது. நேற்று அணைத்துக்கொண்டவன் இன்று எங்கே போனான் என்று திகைத்து நிற்போம். வைணவ ஆசாரியர்கள் இதற்காகவே அடுத்தடுத்து வியாக்கியானம் செய்தார்கள். நம்பிள்ளை சொல்லச் சொல்ல வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படி அவற்றில் சிகரம். தமிழும் வடமொழியும் கலந்த அதன் மணிப்பிரவாள நடை இன்று வாசிக்க எளிதல்ல. புருஷோத்தம நாயுடு அதைத் தமிழாக்கி, சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. கூட ஒருவர் இருந்து வாசித்தால் இன்னும் நல்லது. பெருமாள் கோயிலில் கோஷ்டியாக, கூட்டமாகச் சேர்ந்து பாசுரம் சேவிக்கிறவர்கள் பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பழகலாம்.

திருவாசகம் நடுத்தரம். ஆனால் அச்சில் இருக்கும் வரிசையிலேயே வாசிக்கப் புகுந்தவர்கள் பலர் பாதியில் விடுகிறார்கள். காரணம் எளிது. 95 அடி சிவபுராணம் முடிந்ததும் கீர்த்தித் திருவகவல் 146 அடி, திருவண்டப்பகுதி 182 அடி, போற்றித் திருவகவல் 225 அடி என்று மூன்று நெடும் பாட்டுகள் வழிமறிக்கும். பழகிய பிறகு அவை அமிர்தம். புதிதாக வருகிறவருக்கு மலைப்பு. ஆகவே சிவபுராணத்திலிருந்து நேரே குழைத்த பத்து, பிடித்த பத்து, கோயில் திருப்பதிகம், அடைக்கலப் பத்து என்று போங்கள். நீத்தல் விண்ணப்பத்தைத் தேவைப்படும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அகவல்களைக் கடைசியில் பார்க்கலாம். வாய்விட்டுச் சொல்லிப் படிப்பது அவசியம். சிவபுராணமே தன் முடிவில் "சொல்லிய பாட்டின் பொருள் உணர்ந்து சொல்லுவார்" என்கிறது. வேகமாக ஒப்பித்து முடிப்பதில் பாதிதான் கிடைக்கும். திருப்பராய்த்துறை தபோவனத்தின் சித்பவானந்தர் உரை பொருள் புரிய நல்ல துணை. தாயுமானவருக்கும் அவர் உரை உண்டு.

தாயுமானவரின் விருத்தங்களில் வேதாந்தச் சொற்களும் வடசொற்களும் நெருக்கமாக வரும். எடுத்த எடுப்பில் அங்கே போக வேண்டாம். பராபரக்கண்ணிக்குப் போங்கள். இரண்டு இரண்டு அடியாக 389 கண்ணிகள். நாளுக்கு ஒன்று என்றாலும் ஒரு வருடம் தாண்டும். "நெஞ்சகமே கோயில் நினைவே சுகந்தம் அன்பே மஞ்சனநீர் பூசைகொள்ள வாராய் பராபரமே" என்பதை மனப்பாடம் செய்ய இரண்டு நிமிடம் போதும், பேருந்தில் நின்றுகொண்டே பூசையை முடித்துவிடலாம். சிவன், திருமால் என்று பெயர் சொல்லாமல் பராபரமே என்று அழைப்பதால் எந்த வீட்டிலும் இது நுழையும். இஸ்லாமியச் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு இதே கண்ணி வடிவத்தை எடுத்து இறைவனைப் பாடியிருப்பதும் அதனால்தான் அவ்வளவு இயல்பாக இருக்கிறது.

வள்ளலாரின் திருவருட்பாவை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். 5818 பாடல்களை மூன்று வரியில் எடைபோட மனம் வரவில்லை. ஆனால் பக்தி வளர்ந்தும் பக்கத்து வீட்டுப் பசி கண்ணில் படவில்லை என்றால், வள்ளலாரிடம்தான் போக வேண்டும். "ஆருயிர்கட் கெல்லாம்நான் அன்புசெயல் வேண்டும்" என்று அவர் அப்பனிடம் கேட்டது வெறும் பாட்டோடு நிற்கவில்லை. 1867இல் வடலூரில் பசித்தவருக்குச் சோறிடும் தருமச்சாலையின் அடுப்பு மூண்டது.

ஆக, இதுவரை எதையும் வாசித்துப் பழகாதவர் பராபரக்கண்ணியில் தொடங்கட்டும். வீட்டில் தனியாக, வருடக்கணக்கில், ஒரே புத்தகம் என்றால் என் தேர்வு திருவாசகம். ஆழத்தில் திருவாய்மொழியை முதலில் வைத்த நானே இதைச் சொல்கிறேன். தனியாக நிற்கிற ஒருவரைத் திருவாசகம் தாங்குகிற மாதிரி மற்ற இரண்டும் தாங்குவதில்லை. கூட வாசிக்க ஒரு துணையோ, உரையைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கமோ இருந்தால் திருவாய்மொழியைத் தள்ளிப்போடாதீர்கள். சைவ வீடு என்பதற்காக அதைத் தொடாமலும், வைணவ வீடு என்பதற்காகத் திருவாசகத்தைத் திறக்காமலும் இருப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். நம்மாழ்வார் தன் கடைசிப் பதிகத்தை "முனியே நான்முகனே முக்கண் அப்பா" என்றுதான் தொடங்குகிறார்.

ஈட்டின் தமிழாக்கம் பத்துத் தொகுதிகளையும் சேர்த்த பிறகுதான் ஆரம்பிப்பேன் என்று காத்திருக்க வேண்டாம். நூலகத்தில் ஆறாம் பத்து மட்டும் கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். திருக்கோளூருக்குப் போன மகளின் பதிகமும், திருவேங்கடத்தானிடம் அடைக்கலம் புகுகிற "உலகம் உண்ட பெருவாயா"வும் அதில்தான் இருக்கின்றன.